புறநகரின் அமைதியும் அதன் விலையும்: நியூயோர்க்கின் வெஸ்ற்செஸ்ரர் பிரதேசத்தை முன்னிறுத்திய ஒரு சமூகவியல் நோக்கு

1

நகரத்துக்கு வெளியே வாழ்தல் என்பது நெடுங்காலமாக உயர்வின் அடையாளமாக இருந்ததில்லை. சிலப்பதிகாரத்தின் 'புறஞ்சேரி இறுத்த காதை'யிலே கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வந்து தங்குகின்ற புறஞ்சேரி, மதுரையின் மதிலுக்கு வெளியே அறவோர் உறைந்த இடம். பெருஞ்செல்வர் விரும்பிக் குடியேறிய இடமன்று. இலண்டன் மாநகரிலும் பதினெட்டாம் நூற்றாண்டு வரையிலே புறநகர் என்பது தோல் பதனிடுவோர், நகரின் தொழிற் குழுமங்களில் இடம்பெறாதோர், ஒழுக்கக்கேடானவை எனக் கருதப்பட்ட கேளிக்கைகளை நடத்துவோர் ஆகியோருக்கு உரியதாகவே கருதப்பட்டது. வணிகச் செல்வர் நகரின் நடுவிலே, தம் கடைக்கும் கிடங்குக்கும் அருகிலேயே வாழ்ந்தனர். இந்நிலை தலைகீழாகிச் செல்வர் வெளியேறவும் வறியோர் நடுவில் எஞ்சவும் நேர்ந்தமை, நவீன முதலாளித்துவத்தின் வரலாற்றோடு பிரிக்கமுடியாதபடி பிணைந்த ஒன்றாகும்.

இம்மாற்றத்தின் விளைவாகத் தோன்றிய வாழ்க்கை முறை எத்தகையது? அதனை வாழ்வோர் எதனைப் பெறுகின்றனர், எதனை இழக்கின்றனர்? அவர்கள் பெறுவதற்கான விலையை யார் செலுத்துகின்றனர்? இவ்வினாக்களை ஒரு குறிப்பிட்ட பிரதேசத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நியூயோர்க் நகரின் வட எல்லையை ஒட்டி அமைந்த வெஸ்ற்செஸ்ரர் மாவட்டத்தையும், சிறப்பாக அங்குள்ள ஸ்கார்ஸ்டேல் என்ற ஊரையும் நாம் எடுத்துக்கொள்கிறோம். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 18,000 பேரே வாழும் இவ்வூர், ஐக்கிய அமெரிக்காவின் மிகச் செல்வம் படைத்த ஊர்களுள் ஒன்றாகும். இங்குள்ள இடைநிலைக் குடும்ப வருமானம் குடிசன மதிப்பு அட்டவணைகளிலே '250,000 டொலருக்கு மேல்' என்று மட்டுமே குறிக்கப்படுகிறது. அவ்வட்டவணையின் உச்ச எல்லையே அதுதான்.

செல்வர் வாழும் ஓர் ஊரைப் பற்றி நாம் ஏன் ஆராயவேண்டும் என்ற வினா எழலாம். வறுமையைப் பற்றிய ஆய்வுகள் மிகப்பல. ஆனால் வறுமை எங்கு திரள்கிறது என்பதைத் தீர்மானிக்கும் சட்டங்களும் வரிகளும் பெரும்பாலும் செல்வர் வாழும் இடங்களிலேயே இயற்றப்பட்டுப் பேணப்படுகின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றை விளங்கிக்கொள்ள முடியாது.

2

நாள்தோறும் நகருக்குத் தொழிலுக்குச் சென்று மீள்பவரைக் குறிக்கும் 'கொமியூட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாறே ஒரு சமூக ஆவணம் எனலாம். 1840களில் அமெரிக்கப் புகையிரதக் கம்பனிகள், தினமும் பயணஞ் செய்வோரின் பல நாட் கட்டணங்களைக் குறைத்து ஒரே தொகையாக மாற்றி விற்ற சீட்டிலிருந்தே அச்சொல் பிறந்தது. எம்மிடையே 'சீசன் ரிக்கற்' என வழங்கும் பருவச்சீட்டு அதுவே. ஆகவே இம்மனிதர் தம் வீட்டாலோ தொழிலாலோ பெயர்பெற்றவரல்லர். தாம் வாங்கிய சீட்டினால் பெயர்பெற்றவர்.

அவரது நாள் நிலையத்திலே தொடங்குகிறது. ஸ்கார்ஸ்டேலிலிருந்து மன்ஹற்றனின் கிறாண்ட் சென்றல் நிலையத்துக்கு ஏறத்தாழ நாற்பது நிமிடப் பயணம். தினமும் அதே வண்டி, மேடையிலே அதே இடம், பெட்டியிலே பெரும்பாலும் அதே இருக்கை. பல்லாண்டு அருகருகே அமர்ந்து சென்றும் ஒருவர் பெயரை ஒருவர் அறியாதோர் உளர். முன்னர் பத்திரிகை மடித்துப் படிப்பதற்கென்றே ஒரு முறை இருந்தது. இன்று கைத்தொலைபேசி அவ்விடத்தைப் பெற்றுள்ளது. எனினும் பேசாமை என்ற விதி மாறவில்லை.

இப்பயணத்தின்போது வண்டி எவற்றினூடாகச் செல்கிறது என்பது மனங்கொளத்தக்கது. ரக்கஹோ, புறொங்ஸ்வில் முதலிய நிலையங்களைக் கடந்து மவுண்ட் வேர்ணன் என்ற நகரை அடைகிறது. அது கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம். பின்னர் பிறொங்ஸ் ஊடாகச் சென்று, ஹார்லெம் ஆற்றைக் கடந்து, 125ஆம் வீதி நிலையத்தினூடாகப் பாலத்தின் மேலே ஓடுகிறது. அங்கே குடியிருப்பு மாடங்களின் யன்னல்கள் வண்டியின் யன்னல்களுக்கு நேராகவே உள்ளன. 97ஆம் வீதியிலே வண்டி நிலக்கீழ் வழியினுள் நுழைகிறது. அந்த இடத்துக்கு மேலே தரையிலே மன்ஹற்றனின் செல்வர் வீதிகள் தொடங்குகின்றன. ஓர் அரைமணி நேரத்துள் அமெரிக்க வர்க்க அமைப்பின் படிகள் யாவும் யன்னலுக்கு வெளியே கடந்துவிடுகின்றன. விரைவு வண்டிகள் பல இடைநிலையங்களில் நிற்பதில்லை. நாள்தோறும் காணப்படுவது காலப்போக்கிலே காணப்படாததாகிவிடுகிறது. இதனை நாம் தனிமனிதரின் குறைபாடாகக் கொள்ளவில்லை. அப்பயணத்தின் அமைப்பே அத்தகையது.

3

இத்தகைய ஊர்கள் இயற்கையாக முளைத்தவையல்ல. 1850களில் நியூ ஜேர்சியில் அமைக்கப்பட்ட லூவெலின் பார்க், 1869இல் ஒல்ம்ஸ்ரெட், வோக்ஸ் ஆகியோர் சிக்காகோவுக்கு மேற்கே திட்டமிட்ட றிவர்சைட் ஆகியன இதன் முன்மாதிரிகள். நேர்கோட்டு வீதிகளைத் தவிர்த்து வளைந்து செல்லும் பாதைகள், வீதியிலிருந்து உள்ளொடுங்கிய வீடுகள், வேலியற்று ஒன்றோடொன்று இணையும் புல்தரைகள் ஆகிய யாவும் அங்கு வரைபடத்தில் வரையப்பட்டவை. நாட்டுப்புறத்தின் தோற்றத்தை நகரத்தின் பணம் விலைக்கு வாங்கியது என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

வெஸ்ற்செஸ்ரரிலே 1840களில் ஹார்லெம் புகையிரதப் பாதை வந்தது. 1891இல் ஒரு காணி அபிவிருத்திக் கம்பனி ஸ்கார்ஸ்டேலில் பண்ணையொன்றை வாங்கி வீட்டு மனைகளாகப் பிரித்து விற்கத் தொடங்கியது. 1902இல் மன்ஹற்றனின் புகை நிறைந்த நிலக்கீழ் வழியிலே இரண்டு வண்டிகள் மோதிப் பலர் மாண்டனர். அதன் விளைவாக நீராவி எஞ்சின்கள் மன்ஹற்றனில் தடைசெய்யப்பட்டன. 1906 தொடக்கம் மின்வண்டிகள் ஓடின. 1913இல் இன்றைய கிறாண்ட் சென்றல் நிலையம் திறக்கப்பட்டது. புகையும் கரியுமின்றி விரைவாக நகரின் நடுவே இறங்கமுடிந்த பின்னரே இப்புறநகர்கள் பெருவளர்ச்சி பெற்றன. ஸ்கார்ஸ்டேல் 1915இல் தனி ஊராட்சி மன்றமாயிற்று. அதன் கடைத்தெருவும் நிலையமும் பழைய ஆங்கில நாட்டுப்புறப் பாணியிலே, மரச்சட்டங்கள் வெளித்தெரியும் சுவர்களோடு அமைந்தன. பழமை என்பதும் அங்கு புதிதாகக் கட்டப்பட்ட ஒன்றே.

புகையிரதம் வழியைத் திறந்தது. சட்டம் வாயிலை மூடியது. 1920களில் இவ்வூர்கள் நிலத்தை வலயங்களாகப் பிரிக்கும் சட்டங்களை இயற்றின. இன்ன பகுதியிலே தனிக்குடும்ப வீடு மட்டுமே கட்டலாம், இன்ன அளவுக்குக் குறைந்த காணியிலே வீடு கட்டலாகாது என அவை வரையறுத்தன. 1926இல் ஓகாயோ மாநிலத்து யூக்கிளிட் என்ற ஊர் தொடர்பான வழக்கிலே அமெரிக்க உயர் நீதிமன்றம் இத்தகைய சட்டங்கள் செல்லுபடியாகும் எனத் தீர்த்தது. அத்தீர்ப்பிலே தொடர்மாடிக் குடியிருப்பு, தனிவீடுகள் உள்ள பகுதியை ஒட்டி உறிஞ்சும் ஒன்றாகச் சித்திரிக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. வெஸ்ற்செஸ்ரரின் வடபகுதி ஊர்கள் சிலவற்றிலே ஒரு வீட்டுக்கு 4 ஏக்கர் காணி வேண்டும் என்ற விதிகூட ஏற்பட்டது. வறியோர் வரலாகாது என்று இவ்விதி எங்கும் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் இல்லை. காணியின் அளவே அதனைக் கூறிவிடுகிறது.

இனம்பற்றிய விலக்கோ வெளிப்படையாகவே எழுதப்பட்டது. இக்காணியைக் கறுப்பினத்தவருக்கோ யூதருக்கோ விற்கலாகாது என்ற நிபந்தனை நாட்டின் பல பகுதிகளிலே காணி உறுதிகளில் இடம்பெற்றது. 1934இல் உருவான மத்திய வீடமைப்பு நிருவாகம் ஈட்டுக்கடன்களுக்கு உத்தரவாதம் வழங்கியபோது இத்தகைய நிபந்தனைகளை ஊக்குவித்தது. 1948இல் உயர் நீதிமன்றம் நீதிமன்றங்கள் இவற்றை நிறைவேற்றிக் கொடுக்கலாகாது எனத் தீர்த்தது. 1968ஆம் ஆண்டு நியாய வீடமைப்புச் சட்டம் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப்பாகுபாட்டைத் தடைசெய்தது. ஆனால் அதற்குள் இரண்டு தலைமுறையினரின் செல்வம் வீடாகவும் காணியாகவும் திரண்டுவிட்டது. விலக்கப்பட்டோர் பின்னர் உள்ளே வர அனுமதிக்கப்பட்டபோது அவர்களால் கொடுக்கமுடியாத விலை அங்கு நின்றது.

இவ்வாழ்க்கை தனிமனிதரின் முயற்சியால் மட்டும் அமைந்தது என்ற கருத்தும் ஆராயத்தக்கது. வீட்டு ஈட்டுக்கடன் வட்டிக்கு வருமானவரியிலே கழிவு உண்டு. 1956ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் மாநிலங்களை இணைக்கும் பெருவீதிகளின் செலவில் 90 வீதத்தை மத்திய அரசு ஏற்றது. இப்பாதையில் வண்டிகளை நடத்திய பென் சென்றல் புகையிரதக் கம்பனி 1970இல் முறிவடைந்தது. அதன்பின் இப்புறநகர் வண்டிகள் பொதுப்பணத்தினாலேயே ஓடின. 1983இல் அவை மெற்றோ நோர்த் என்ற பொது நிறுவனத்தின்கீழ் வந்தன. வறியோருக்கான வீடமைப்பு உதவி 'மானியம்' எனப்படுகிறது; செல்வருக்கான உதவி அப்பெயரால் அழைக்கப்படுவதில்லை.

4

இனி, அவ்வூரின் உள்வாழ்வை நோக்குவோம். ஆடவன் காலையில் வெளியேறி இரவில் மீளும் ஊரிலே பகலெல்லாம் எஞ்சியவள் பெண்ணே. வீட்டையும் தொழிலையும் இடத்தாற் பிரித்தமை பெண்ணையும் ஆணையும் இடத்தாற் பிரித்தமையாகவே முடிந்தது. 'ஸ்ரேசன் வாகன்' என்ற மோட்டார் வண்டியின் பெயர், புகையிரத நிலையத்துக்கு ஆட்களையும் பொதிகளையும் ஏற்றிச் சென்றமையால் வந்ததாகும். புறநகரிலே அதனைப் பெரும்பாலும் ஓட்டியவள் மனைவி. கணவனை நிலையத்திலும், பிள்ளைகளைப் பாடசாலையிலும், பின்னர் இசை வகுப்பிலும் விளையாட்டு மைதானத்திலும் இறக்கி ஏற்றுவதே அவளது நாளாயிற்று. பொதுப் போக்குவரத்து நகரை நோக்கி மட்டுமே அமைந்த ஊரிலே அவள் தானே ஒரு போக்குவரத்துச் சேவையானாள்.

பெற்றி ஃபிறீடன் தம்முடன் ஸ்மித் கல்லூரியிலே பயின்ற பெண்களிடம் 1957இல் வினாக்கொத்து மூலம் திரட்டிய செய்திகளிலிருந்து தொடங்கி, 1963இல் வெளியிட்ட நூல் இந்நிலையை வெளிக்கொணர்ந்தது. உயர்கல்வி பெற்று, வசதியான வீட்டிலே வாழ்ந்து, எக்குறையும் இல்லை என்று பிறராற் கருதப்பட்ட பெண்களிடையே காணப்பட்ட வெறுமையைப் பெயரற்ற ஒரு பிரச்சினையாக அவர் இனங்கண்டார். அவரும் அக்காலத்தில் நியூயோர்க்கின் புறநகர்ப் பகுதியிலேயே வாழ்ந்தவர்.

ஆயினும் அவரது நோக்கிலும் ஒரு குறை இருந்தது. 1984இல் பெல் ஹூக்ஸ் அதனைச் சுட்டிக்காட்டினார். இப்பெண்கள் வீட்டை விட்டுத் தொழிலுக்குச் சென்றால் அவ்வீட்டு வேலையை யார் செய்வர் என்ற வினா எழுப்பப்படவில்லை என்பதே அவர் கூற்றின் சாரம். இன்று இவ்வூர்ப் பெண்கள் பலர் வழக்கறிஞராகவும் மருத்துவராகவும் தாமும் அதே காலை வண்டியில் நகருக்குச் செல்கின்றனர். அவ்வண்டிக்கு எதிர்த்திசையிலே வரும் வண்டியிலும் பேருந்திலும் வேறு பெண்கள் வந்திறங்குகின்றனர். முன்னொரு காலத்தில் அவர்கள் பெரும்பாலும் ஹார்லெமிலிருந்தும் பிறொங்ஸிலிருந்தும் வந்த கறுப்பினப் பெண்கள். இன்று கரீபியத் தீவுகள், இலத்தீன் அமெரிக்கா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களிலிருந்து குடிபெயர்ந்தோர் அவர்களுட் பலர். பிறர் குழந்தையைப் பேணுவதற்காகத் தம் குழந்தையை இன்னொருவரிடம் விட்டு வருகின்றவர்களும் உளர். 1935ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் வடிவத்திலே வீட்டுப் பணியாளர் சேர்க்கப்படவில்லை. நியூயோர்க் மாநிலம் வீட்டுப் பணியாளர் உரிமைச் சட்டத்தை 2010இலேயே இயற்றியது. அமெரிக்க மாநிலங்களுள் முதன்முதலாக இயற்றியதும் அதுவே.

புல்தரையின் பசுமையும் இவ்வாறானதே. வார நாட்களிற் பகல் வேளையிலே அவ்வீதிகளிற் காணப்படுவோர் புல் வெட்டுவோர், கூரை திருத்துவோர், குழந்தைகளை வண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லும் ஆயாக்கள், பொதி கொண்டுவருவோர் ஆகியோரே. ஊரவர் நகரிலும், நகரத்தவர் ஊரிலுமாகப் பகல் கழிகிறது. மாலையிலே ஒவ்வொருவரும் தத்தம் இடம் மீள்வர். அவ்வூரைத் தம் கைகளால் நாள்தோறும் பேணுவோர் அங்கு ஓர் இரவேனும் தங்க வசதியற்றோர் என்பதை அவ்வூரின் அமைதி மறைத்துவிடுகிறது.

5

இவ்வளவு விலை கொடுத்து மக்கள் அங்கு ஏன் குடியேறுகின்றனர் என்று வினவினால், பெரும்பாலானோர் கூறும் விடை 'பாடசாலை' என்பதாகும். அமெரிக்காவிலே அரசாங்கப் பாடசாலைகளின் செலவிற் பெரும்பங்கு அவ்வப் பகுதியின் ஆதன வரியிலிருந்து பெறப்படுகிறது. எமது உள்ளூராட்சி மன்றங்கள் அறவிடும் சோலைவரியை ஒத்த ஒரு வரியினாலே பாடசாலை நடத்தப்படுகிறது எனக் கொண்டால் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வீடுகளின் பெறுமதி உயர்ந்த ஊரிலே குறைந்த வரிவீதமும் மிகுந்த பணத்தைத் தரும். பெறுமதி தாழ்ந்த ஊரிலே வரிவீதத்தை எவ்வளவு உயர்த்தினும் போதிய பணம் கிட்டாது. நல்ல பாடசாலை வீட்டு விலையை உயர்த்துகிறது. உயர்ந்த விலை வறியோரைத் தடுக்கிறது. அத்தடை பாடசாலையின் தரத்தை நிலைநிறுத்துகிறது. இவ்வட்டம் தானாகவே சுழல்கிறது. 'பொதுப் பாடசாலை' என்ற பெயர் இருப்பினும், அதன் அனுமதிக் கட்டணம் வீட்டின் விலையிலே சேர்ந்துள்ளது.

நீதிமன்றங்கள் இவ்வட்டத்தை உடைக்க முன்வரவில்லை. 1973இல் ரெக்சாஸ் மாநிலம் பற்றிய வழக்கிலே, ஆதன வரியை அடிப்படையாகக் கொண்ட பாடசாலை நிதிமுறை அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1974இல் டிற்றோயிற் நகர் பற்றிய வழக்கிலே, இனப்பிரிவினைக்குத் தாமே காரணமாயிருந்தமை நிறுவப்படாதவிடத்துப் புறநகர்ப் பாடசாலை மாவட்டங்களை நகரத்தோடு இணைக்குமாறு கட்டாயப்படுத்த முடியாது எனத் தீர்ப்பளித்தது. ஊராட்சி எல்லை என்பது வரைபடத்திலே ஒரு கோடு. இத்தீர்ப்புகளின் பின்னர் அது மதிலுக்கு நிகரான வலிமை பெற்றது. ஸ்கார்ஸ்டேலுக்கும் மவுண்ட் வேர்ணனுக்கும் இடையே உள்ள தூரம் சில மைல்களே.

எனின், அப்பிள்ளைகளேனும் மகிழ்ச்சியாக உளரா? உளவியலாளர் சுனியா லூதர் 1999இல் வெளியிட்ட ஆய்வு எதிர்பாராத ஒரு விடயத்தை வெளிப்படுத்தியது. நகரின் வறிய பகுதி மாணவரோடு ஒப்பிட்டபோது, வசதிமிக்க புறநகர் மாணவரிடையே போதைப்பொருட் பாவனையும் மனப்பதற்றமும் கூடுதலாகக் காணப்பட்டன. இடைவிடாத சாதனை நெருக்குதலும், பெற்றோரிடமிருந்து உளரீதியாகத் தூரப்பட்டமையும் இதனோடு தொடர்புடையன எனப் பின்னர் வந்த அவரது ஆய்வுகள் கூறின. செல்வ நிலையைக் கடத்துவதற்குக் காணியைப்போலக் கல்வியை எழுதிக் கொடுக்க முடியாது; ஒவ்வொரு தலைமுறையும் பரீட்சையிலே அதனை மீண்டும் வெல்லவேண்டும். தாழ்ந்துவிடுவோமோ என்ற அச்சமே உயர்மத்தியதர வர்க்கத்தின் வீட்டுக் காற்று. 2000களின் பிற்பகுதியிலே ஸ்கார்ஸ்டேலின் உயர்பாடசாலை, பல்கலைக்கழக அனுமதிப் போட்டிக்குரிய நாடளாவிய உயர்நிலைப் பாடநெறிகளைக் கைவிட்டுத் தனது பாடநெறிகளை அமைத்துக்கொண்டது. அந்நெருக்குதலை அவ்வூரவரும் உணர்ந்தனர் என்பதற்கு அது சான்று. ஆனால் போட்டியிலிருந்து சற்று விலகி நிற்கும் துணிவும் வசதியுள்ள ஊருக்கே வாய்க்கிறது.

பாடசாலைக்காக வந்தோர் பிள்ளைகள் வெளியேறியதும் தாமும் வெளியேறுகின்றனர். வரிச்சுமையைத் தாங்கி அங்கேயே முதுமையைக் கழிப்போர் குறைவு. அங்கு வளர்ந்த இளைஞர் தம் முதற் சம்பளத்தில் அங்கு வீடு வாங்கவும் முடியாது. எமது மொழியிலே 'ஊர்' என்ற சொல் பிறப்பையும் இறப்பையும், பாட்டனையும் பேரனையும் ஒருங்கே உள்ளடக்குவது. 'எந்த ஊர்?' என்று நாம் கேட்பது முகவரியை அறிவதற்கன்று. புறநகரோ வாழ்வின் ஒரு கட்டத்துக்கு மட்டும் உரிய இடமாக உள்ளது. இருபது ஆண்டுகள் அருகருகே வாழ்ந்த அயலவர் பிரிந்தபின் மீண்டும் காண்பதில்லை. அங்குள்ள தனிமைக்கு இதுவும் ஒரு காரணம் என நாம் கருதுகிறோம்.

6

இவ்வூர்களைத் தீயோர் வாழும் இடங்களாகக் காட்டுவது எமது நோக்கமன்று. நூலகம், பூங்கா, பாடசாலைச் சபை ஆகியவற்றுக்காக ஊதியமின்றி உழைக்கும் மரபு அங்கு வலுவானது. 1961இல் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியும் நினைவுகூரத்தக்கது. ஸ்கார்ஸ்டேலிலே ஒரு கழகம் தனது நடனவிழாவுக்கு யூதப் பின்னணி கொண்ட இளைஞன் ஒருவன் வருவதை மறுத்தது. அவ்வூர்த் தேவாலயத்தின் குருவானவர், அம்மறுப்புக்கு உடந்தையாயிருந்தோர் நற்கருணை பெறத் தகுதியற்றோர் எனப் பகிரங்கமாக அறிவித்தார். நாடெங்கும் அது செய்தியாயிற்று. பின்னாளிலே யூதர் அவ்வூரின் முக்கிய பகுதியினராயினர். 1970களின் பின்னர் யப்பானியக் கம்பனி அதிகாரிகளின் குடும்பங்களும், தொடர்ந்து சீனர், கொரியர், இந்தியர் முதலியோரும் குடியேறினர். இன, மத விலக்குகள் பெருமளவு தளர்ந்தன. வர்க்க விலக்கு தளரவில்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி நோக்காதவிடத்து இன்றைய புறநகரை விளங்கிக்கொள்ள முடியாது.

அவ்விலக்கைத் தளர்த்த மாநிலமும் நீதிமன்றமும் மும்முறை முயன்றன. 1968இல் உருவாக்கப்பட்ட நியூயோர்க் மாநில நகர அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கு உள்ளூர் வலயச் சட்டங்களை மீறிக் கட்டும் அதிகாரம் இருந்தது. 1972இல் அது வெஸ்ற்செஸ்ரரின் 9 ஊர்களிலே ஒவ்வொன்றிலும் 100 வீடுகள் மட்டும் குறைந்த, நடுத்தர வருமானத்தினருக்காகக் கட்ட முன்வந்தது. எதிர்ப்பு மிகக் கடுமையாயிருந்தது. 1973இல் சட்டமன்றம் அவ்வதிகாரத்தையே பறித்தது. 2009இல் இனப்பிரிவினை தொடர்பான வழக்கொன்றின் முடிவிலே, வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் ஊர்களில் 750 வீடுகளைக் கட்டுவதற்கு வெஸ்ற்செஸ்ரர் மாவட்டம் உடன்பட்டது. வலயச் சட்டங்களைப் பற்றிய பிணக்கு அதன்பின் பல்லாண்டு நீடித்தது. 2023 சனவரியில் மாநில ஆளுநர், பத்தாண்டுகளில் 800,000 புதிய வீடுகள் என்ற திட்டத்தை முன்வைத்தார். புகையிரத நிலையங்களைச் சூழ்ந்து அடர்த்தியான குடியிருப்புகளை அனுமதிக்கவேண்டும் என்பது அதன் முக்கிய அம்சம். வெஸ்ற்செஸ்ரரிலிருந்தும் லோங் ஐலண்டிலிருந்தும் எழுந்த எதிர்ப்பின் முன் சில மாதங்களுள் அது கைவிடப்பட்டது.

மூன்று சந்தர்ப்பங்களிலும் எதிர்த்தோர் இனத்தையோ வர்க்கத்தையோ முன்வைத்துப் பேசுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். 'ஊரின் தன்மை', 'உள்ளூர் அதிகாரம்', 'வாகன நெருக்கடி', 'பாடசாலை இடவசதி' என்பனவே அவர்கள் கையாண்ட சொற்கள். அவற்றுட் சில நியாயமானவையும் ஆகும். ஆனால் பொதுப்பணத்தால் ஓடும் புகையிரதத்தின் நிலையத்தைச் சுற்றியுள்ள நிலத்திலே யார் வாழலாம் என்பதை அந்நிலத்தில் ஏற்கெனவே வாழ்வோர் மட்டும் தீர்மானிக்கலாமா என்ற அடிப்படை வினாவுக்கு அச்சொற்கள் விடையளிக்கவில்லை. நகரிலே வாடகை ஏறுகிறது. தாதியரும் ஆசிரியரும் பேருந்துச் சாரதிகளும் மேன்மேலும் தூரம் தள்ளப்படுகின்றனர். இன்று மிக நீண்ட அன்றாடப் பயணத்தை மேற்கொள்வோரிற் பலர் செல்வரல்லர், அவர்களுக்குப் பணிபுரிவோரே.

7

2020இல் கொள்ளைநோய் பரவியபோது வெஸ்ற்செஸ்ரரின் காலை வண்டிகள் ஏறத்தாழ வெறுமையாக ஓடின. ஒன்றரை நூற்றாண்டாகப் புறநகரை நிலைநிறுத்திய அன்றாடப் பயணம் ஒரு மாதத்துள் நின்றது. அலுவலகம் வீட்டுக்கே வந்தது. ஆனால் புறநகர் சரியவில்லை. வீட்டு விலைகள் உயர்ந்தன. இது எமது ஆய்வுக்கு முக்கியமான ஒரு செய்தியைத் தருகிறது. பயணம் இவ்வூர்களைத் தோற்றுவித்ததாயினும், அவற்றைப் பேணுவது இன்று பயணமன்று. காணி விதியும் ஆதன வரியும் பாடசாலை எல்லையுமே. அதே மாதங்களில் வீட்டிலிருந்து வேலைசெய்ய முடியாத ஆயாவும் தோட்டத் தொழிலாளியும் சிலர் வேலையிழந்தனர். சிலர் நோயின் நடுவே தொடர்ந்து வந்துபோயினர்.

மரநிழல், அமைதி, பிள்ளைகள் அச்சமின்றி விளையாட இடம், நல்ல பாடசாலை ஆகியவற்றை விரும்புவது இழிவானதன்று. மனிதர் எல்லோரும் விரும்புவதும் அதுவே. வெஸ்ற்செஸ்ரரிலே அவ்விருப்பம் பொதுவுரிமையாக நிறைவேற்றப்படாமல், வேலியிட்டு விற்கப்படும் பொருளாக்கப்பட்டது. பொருளாக்கப்பட்டதும் அதன் விலை உயர்வதிலேயே அதனை உடையோரின் நலன் தங்கியது. பிறருக்கும் அது கிடைப்பது அவர்களுக்கு நட்டமாயிற்று. நல்லெண்ணம் கொண்டோரும் இப்பொறியினுள் அகப்பட்டுத் தம் அயலவருக்கு எதிராக வாக்களிக்க நேர்கிறது. தனிமனிதரின் மனமாற்றத்தினால் மட்டும் இது தீராது. பாடசாலை நிதியை மாநிலம் முழுவதற்கும் பொதுவாக்குதலும், நிலையங்களை அண்டிய நிலத்தைப் பலதரப்பட்டோரின் குடியிருப்புக்குத் திறத்தலும் நடைமுறைச் சாத்தியமானவை. 1972இல் கேட்கப்பட்டவை ஊருக்கு 100 வீடுகள் மட்டுமே. அரை நூற்றாண்டின் பின்னரும் அக்கோரிக்கை நிறைவேறாதிருப்பதற்குப் பொருளாதாரத்திலோ பொறியியலிலோ தடையில்லை. தடை அரசியலிலே உள்ளது. ஆகவே அதனை நீக்கும் வழியையும் அங்கேயே தேடவேண்டியுள்ளது.